லண்டன் அண்ணையின் வதிவிடம்

அன்று காலை கடைக் கதவைத் திறந்து மரக்கறிப் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது என் கைபேசிக்கு அடுத்தடுத்து இரண்டு மரண அறிவித்தல்கள் வந்தன. ஒன்று இங்கே ஹம்மிலிருந்து வந்தது. ‘யாழ். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா யோகேந்திரன்’ என்று அதில் எழுதியிருந்தது. மற்றது லண்டனிலிருந்து வந்தது. ‘யாழ். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், ஜேர்மனி ஹம்மை வதிவிடமாகவும் கொண்ட கந்தையா யோகேந்திரன்’ என்று அதில் எழுதியிருந்தது. முதல் படத்தில் இருந்தவருக்குக் கழுத்துப்பட்டியும் தலை நிறைய முடியும். இரண்டாவது படத்தில் இருந்தவருக்கு முடியே இல்லை. தொழிற்சாலைச் சட்டையோடு எங்கள் ஊர்ப் பூங்காவின் கண்ணாடி யானைக்கு முன்னால் நின்றார்.

எனக்குக் குழப்பம் பிடிக்காது. கடைக்காரனுக்கு எதுவும் இந்தத் தட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தட்டில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நாளில் செத்துவிட்டார்களா என்று நினைத்தேன். பிறகு, இரண்டுமே எங்கள் யோகண்ணையாக இருக்க முடியாது என்று நினைத்தேன். முதல் நாள் மாலைதான் என் கடையில் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து, “உது காயோ விறகோ?” என்று கேட்டுவிட்டுப் போன மனிதர் அவர். உடனே அவருடைய மனைவி மஞ்சுளாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஓம் அண்ணை, அவர்தான். நேற்று ராத்திரி தேத்தண்ணியைக் குடுத்திட்டு இரவு வேலைக்கு வெளிக்கிடுறன், கதிரையில அப்பிடியே சாஞ்சிட்டார்.”

“எந்த அறிவித்தல் சரி, மஞ்சுளா?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் வாயில் அதுதான் வந்தது.

“ரெண்டும் அவர்தான்” என்றாள்.

அவரை அறிந்த நீங்கள் பலரும் அன்று இதே குழப்பத்தில் இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பாரிசிலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் லண்டனிலிருந்து வந்த அறிவித்தலைப் பார்க்காமல் மஞ்சுளாவின் அறிவித்தலை மட்டும் பார்த்துவிட்டு, இறுதிச் சடங்குக்கு லண்டன் போய் இறங்கிவிட்டார். அங்கே யோகண்ணையின் தங்கை வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. தங்கை சாந்தியக்கா அந்த நேரம் ஹம்முக்கு வரும் ரயிலில் இருந்தார். அந்த மனிதர் எனக்குத் தொலைபேசியில் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

இது அச்சுப் பிழை அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. மனைவி அவரை லண்டனுக்குக் கொடுத்திருந்தாள். தங்கை அவரை ஹம்முக்குக் கொடுத்திருந்தார். இரண்டு பேரும் அழுதழுது, மற்றவரிடம் கேட்காமல், வேண்டுமென்றே அப்படி எழுதியிருந்தார்கள்.

ஹம்மில் அவருக்கு லண்டன் அண்ணை என்று பெயர். எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்குப் போய், ஈஸ்ற்ஹாமில் தங்கையோடு இருந்து, பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தவர். கலியாணம் ஹம்மில் பொருந்தியது. மஞ்சுளா அப்போது முதியோர் பராமரிப்புக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தாள். பயிற்சி முடியட்டும், பிறகு இரண்டு பேரும் லண்டனுக்குப் போவோம் என்பதுதான் பேச்சு. பயிற்சி முடிந்தது. வேலை கிடைத்தது. அவருக்கும் கம்பித் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

என் கடையில் உறைபெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் அது அவருடையது. அங்கே இருந்துகொண்டுதான் அவர் பிரித்தானியாவை நடத்தினார். எங்கள் சனத்துக்கு அந்த நாட்டின் அமைச்சர்களைப் பற்றி என்ன கவலை? ஆனால் அவர் பேசத் தொடங்கினால் அரிசி வாங்க வந்தவர்களும் மூட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே பிரதமர்கள் வரிசையாக மாறிய காலத்தில் அவர் கண் வைத்தியரிடம் ரெர்மின், அதாவது சந்திக்கும் நாள், எடுத்துவிட்டுக் காத்திருந்தார். “என்ர ரெர்மின் வாறதுக்குள்ள அங்க ஒரு பொம்பிளைப் பிரதமர் வந்து, இருந்து, போட்டா. நான் இன்னும் அந்த மனுசியின்ர முகத்தை வடிவாப் பாக்கேல்லை. கண்ணாடி வந்தால்தானே பாக்கலாம்” என்றார்.

ஆனால் அந்தக் கேலியை நம்பிவிடக் கூடாது. உடனேயே குரலை மாற்றிவிடுவார். “எண்டாலும் பாருங்கோ, அங்க பிழை விட்டவனை எல்லாரும் எழும்பி நிண்டு கத்திக் கலைக்கினம். இஞ்ச? கூட்டணி, பேச்சுவார்த்தை, பேந்தும் பேச்சுவார்த்தை. சனத்துக்கு அவை ஆரெண்டு மறந்துபோனாப் பிறகுதான் போவினம். பாராளுமன்றம் எண்டால் லண்டன்தான்.” அதேபோல ஞாயிற்றுக்கிழமைக் கடைப் பூட்டு, நாலு நிறக் குப்பை வாளி, மேல்வீட்டில் தண்ணீர் திறந்தால் கீழ்வீட்டுக்காரர் எழுதும் முறைப்பாடு, எல்லாவற்றுக்கும் லண்டனில் ஒரு மாற்று வைத்திருந்தார். “அங்க ஒருத்தனோட ஒருத்தன் மோதினால், மோதினவனும் சொறி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டுவான், மோதப்பட்டவனும் சொறி எண்டுவான். அதோட காரியம் முடிஞ்சுது. அது பண்பு. இஞ்ச ஆர் பிழை எண்டு முடிவெடுக்காமல் நிலத்தில இருந்து எழும்பமாட்டினம்.”

எனக்குக் கோபம் வரும். என் முருங்கைக்காய், என் கத்தரிக்காய், என் மீன் எல்லாமே ஈஸ்ற்ஹாமோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றன. ஒருநாள் கேட்டேன், “அப்ப ஏன் அண்ணை இஞ்ச இருக்கிறியள்? போகலாமே?” என்று. கதிரையை விட்டு எழும்பாமல், “ஜேர்மன் ரயில் நேரத்துக்கு வந்தால் போயிருப்பன்” என்றார்.

அவருக்கு விமானம் என்றால் பயம். அதில் கேலி இல்லை. அந்த ஒன்றில்தான் அவர் எப்போதும் ஒரே பேச்சுப் பேசினார். “செத்தாப் பிறகும் என்னைப் பிளேனில ஏத்திப்போடாதையுங்கோ. சாம்பலுக்கும் தலை சுத்தும்” என்று பலருக்கும் சொல்லியிருக்கிறார். ஆகையால் நான் லண்டனுக்குச் சாமான் எடுக்க என் வான் வண்டியில் தரைவழியாகப் போகும்போதெல்லாம் என்னோடு தொற்றிக்கொள்வார். முதல் தடவை அப்படிப் போனபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

பிரான்சின் கரையில் வானை ரயிலில் ஏற்றும் வரைக்கும் அவர் லண்டனைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தார். கடலுக்குக் கீழே போகும் அந்தக் கொஞ்ச நேரமும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். மறுபக்கம் ஏறி வெளியே வந்து, வான் முதலாவது குழியில் விழுந்ததும் கண்ணைத் திறந்தார். “உதென்ன ரோட்டோ? ஜேர்மனியில இப்பிடி ஒரு குழி இருந்தால் விடியிறதுக்குள்ள அதைச் சுத்தி வேலி போட்டு, விளக்குக் கட்டி, மன்னிப்புப் பலகையும் வைச்சிருப்பினம்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் சாந்தியக்கா வீட்டில் அது நாள் முழுக்க நடந்தது. “என்ன சொறி சொறி எண்டுகொண்டு? ஆர் பிழை எண்டே தெரியாமல் ஒரு நாடு நடக்குமோ? எங்கட ஹம்மில எண்டால் பிழை விட்டவன் பிழை விட்டவன்தான். அது நேர்மை” என்றார். அதே சொறி! ஹம்மில் பண்பாக இருந்தது, லண்டனில் ஏமாற்றாக மாறிவிட்டது. தொலைக்காட்சியில் பாராளுமன்றம் கத்தியபோது, “சந்தைக்கூட்டம். எங்கட ஆக்கள் இருந்து கதைச்சுத்தான் முடிவெடுப்பினம். அவசரப்படமாட்டினம்” என்றார். எங்கட ஆக்கள் என்று அவர் சொன்னது ஜேர்மன்காரரை. நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். காலால் என் காலை மிதித்தார். தெருவில் விளையாடிய பிள்ளைகள் யன்னலால் எட்டிப் பார்த்து, “ஜேர்மன் மாமா வந்திட்டார்” என்று கத்தினார்கள்.

திரும்பி வரும்போது எல்லாம் மறுபடி தலைகீழாக மாறியது. வான் ஹம்முக்குள் நுழைந்து, எங்கள் ரயில் கடவையில் படலை விழுந்து, நீண்ட சரக்கு ரயில் ஒன்றுக்காகக் காத்து நின்றபோது, “லண்டனில எண்டால் இந்த ரயிலுக்கு மேலால எப்பவோ பாலம் கட்டியிருப்பாங்கள்” என்றார். எந்தப் பேச்சு அவருடைய மனப்பேச்சு என்று நான் யோசித்துக்கொண்டே படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகுவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வந்தபோது, வெளிநாட்டில் இருந்த அவருக்கும் வாக்கு இருந்தது. தன் சார்பில் போடும்படி சாந்தியக்காவுக்கு எழுதிக் கொடுத்தார். வாக்கெடுப்பு முடிந்தது. விலகுவது என்று ஆனது. எல்லையில் சாமானுக்குச் சோதனை, பத்திரம், மிருக வைத்தியரின் கையெழுத்து என்று வந்து, என் லண்டன் வியாபாரம் படுத்தது. கடையில் நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அவர் உறைபெட்டியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“என்ர வோட்டும் விலகத்தான் விழுந்தது.”

“என்னண்ணை சொல்லுறியள்?”

“நீ என்ன போடுறியோ அதையே எனக்கும் போடு எண்டு சாந்தியிட்டச் சொன்னனான். வெளியாலை இருந்து வந்த சனம் கூடிப்போச்சு எண்டு அவள் விலகப் போட்டிட்டாள்.” உறைபெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டு, “நாங்கள் ஏறினாப் பிறகு பஸ் கதவைச் சாத்தச் சொல்லுறதுதானே எங்கட ஆக்களின்ர குணம். என்ன, இந்த முறை நான் படியில நிண்டிட்டன்” என்றார்.

தன் வாக்காலேயே வெளிநாட்டுக்காரர் ஆன மனிதர் அவர். இத்தனை வருடமும் ஒரு கேள்வியும் இல்லாமல் இருந்தவர், வதிவிட அட்டை எடுக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தது. மொழி உதவிக்கு என்று என்னையும் கூட்டிப் போனார். அவருடைய ஜேர்மன் என்னுடையதை விட நல்லது. அங்கே இருந்த இளம் பெண், இந்த வயதில் அவருக்கு இப்படி நடந்ததற்காக வருத்தம் தெரிவித்தாள். அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். “கவலைப்படாதேங்கோ பிள்ளை, அகதி வேலையில எனக்கு நல்ல அனுபவம் இருக்கு” என்று அவர் ஜேர்மனில் சொன்னதும் அவள் சிரிப்பதா இல்லையா என்று தெரியாமல் அட்டையை நீட்டினாள்.

அன்று அவரை வீட்டில் இறக்கிவிட்டபோது மஞ்சுளா கேட்டுவிட்டாள், “இனி இந்த நாட்டு பாஸ்போட்டையே எடுங்கோவன். நான் எடுத்திட்டன்தானே?” என்று. அவர் மறுத்தார். “அன்ராக், விண்ணப்பம் எண்டு நிரப்பப் பஞ்சியா இருக்கு” என்று சோம்பல் முறித்தார். பிறகு பழைய குடியுரிமையை விடாமலே இதை எடுக்கலாம் என்று சட்டம் வந்தபோதும் அதே பதில்தான். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இங்கே தகனத்துக்கே நாள் கிடைக்கப் பிந்துகிறது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவைத் தகனம் முடிந்த பிறகுதான் வைத்தோம். அதற்குள் அடக்கச் சேவைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், சாம்பல் எங்கே போக வேண்டும் என்று. இந்த நாட்டில் சாம்பலை வீட்டில் வைத்திருக்க ஏலாது. இங்கே மயானத்தில் ஓரிடம் எடுத்து அடக்க வேண்டும், அல்லது வேறு நாட்டில் ஏற்பாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். பிளேன் வேண்டாம் என்று அவரே சொன்னபடியால் ஊர்க் கடல் இல்லை. ஆக, ஹம்மா, லண்டன் பக்கத்துக் கடலா?

எட்டுச் செலவன்று, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அவருக்குப் பிடித்தது தேங்காய்ப்பால் சொதி. சமையலறைக்குள் போனேன். அடுப்பில் இரண்டு பானைச் சொதி இருந்தது. ஒன்று வெந்தயம் தூக்கலாக, மஞ்சள் குறைவாக, வெளிறிப்போய் இருந்தது. அது ஈஸ்ற்ஹாமில் நான் சாப்பிட்ட சாந்தியக்காவின் சொதி. மற்றது தக்காளி போட்டு, பச்சை மிளகாய் கீறி, புளிப்பாக இருந்தது. அது மஞ்சுளாவின் சொதி. இரண்டு பேரும் தங்கள் தங்கள் சொதியை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வெளிறிய பானையை மஞ்சுளா கிண்டிக்கொண்டு நின்றாள். தக்காளிப் பானைக்குச் சாந்தியக்கா தேசிக்காய் பிழிந்துகொண்டு நின்றார்.

நான் இரண்டு பானையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“என்ன மஞ்சுளா, உம்மட சொதியை அக்காவெல்லோ வைக்கிறா?”

“அவருக்கு என்ர சொதி பிடிக்காது அண்ணை” என்றாள் மஞ்சுளா. “ஒவ்வொரு நாளும் சொல்லுவார், சொதி எண்டால் சாந்தி வைக்கிறதுதான் எண்டு. அதுதான் இண்டைக்காவது அந்த மாதிரி வைப்பம் எண்டு.”

சாந்தியக்கா தேசிக்காயைக் கீழே வைத்தார். “என்ன விசர்க் கதை இது? என்ர வீட்டில அண்ணை ஒரு நாளும் சொதியை மிச்சம் விடாமல் குடிச்சதில்லை. கோப்பையைத் தள்ளிப்போட்டு, மஞ்சுளாவின்ர சொதியைக் குடிச்ச வாய்க்கு இது இறங்காது எண்டுதான் சொல்லுவார். அங்க வந்தால் ஹம்மில வீடு, ஹம்மில வேலை, ஹம்மில மஞ்சுளா. எனக்குக் காது புளிச்சுப்போச்சு. மேல் அறையைப் பெயின்ற் அடிச்சு வைச்சிட்டு, ரெண்டு பேரும் வந்து இருங்கோவன் எண்டு எத்தினை தரம் கேட்டனான். அவர் ஒருக்காலும் ஓம் எண்டேல்லை. இஞ்ச சந்தோசமா இருந்த மனுசனை நான் ஏன் கொண்டு போகவேணும்? அதுதான் ஹம் எண்டு அறிவித்தல் குடுத்தனான்.”

மஞ்சுளா அகப்பையைப் பிடித்தபடியே நின்றாள். “சந்தோசமோ? மச்சாள், இஞ்ச அவருக்கு ஒண்டும் பிடிக்கேல்லை. ரோட்டுப் பிடிக்கேல்லை, வீடு பிடிக்கேல்லை, சாப்பாடு பிடிக்கேல்லை. பாஸ்போட்டும் வேண்டாம் எண்டிட்டார். என்ர படிப்பால அந்த மனுசனை நான் இஞ்ச பிடிச்சு வைச்சிட்டன். உயிரோட போகேலாமல் போச்சு, இப்பவாவது போகட்டும் எண்டுதான் லண்டன் எண்டு போட்டனான்.”

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு வீட்டிலும் அவரோடு இருந்து சாப்பிட்டவன் நான் ஒருவன்தான்.

“அண்ணை, நீங்கள்தானே அவரோட போய் வந்தனீங்கள்” என்றாள் மஞ்சுளா. “உண்மையைச் சொல்லுங்கோ. அவர் இஞ்ச என்னோட விருப்பமில்லாமலோ இருந்தவர்?”

அவள் கேட்டது சாம்பலைப் பற்றி அல்ல. கலியாணம் முடிந்த நாளிலிருந்து மனதில் போட்டுப் பூட்டி வைத்திருந்த கேள்வியைத்தான் கேட்டாள். நான் என்ன சொல்வது? அவர் அங்கே ஹம்மைப் புகழ்ந்ததும் உண்மை. இங்கே லண்டனைப் புகழ்ந்ததும் உண்மை. இரண்டையும் நான் என் காதால் கேட்டேன். எது பொய் என்று அன்று மட்டுமல்ல, இன்றும் என்னால் சொல்ல ஏலாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். அங்கே வான் குழியில் விழுந்ததிலிருந்து, சொறி தலைகீழானதிலிருந்து, அவர் என் காலை மிதித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈஸ்ற்ஹாம் மேசையில் கோப்பையைத் தள்ளிவிட்டு மஞ்சுளாவின் சொதியைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னேன்.

“அப்ப அதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?” என்றாள்.

“எனக்கும் சொல்லேல்லையே” என்றார் சாந்தியக்கா. “நான் இவ்வளவு காலமும் அண்ணைக்கு என்ர சமையல் பிடிக்காது எண்டெல்லோ நினைச்சனான்.”

சொதி திரையத் தொடங்கியது. ஒருவரும் அடுப்பை அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன். மஞ்சுளா கதிரையில் இருந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் சாந்தியக்கா சிரித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மஞ்சுளாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். தண்ணீரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானே குடித்தேன்.

கடைசியில் சாந்தியக்காதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “மச்சாள், அவரை அங்க விட்டால் நாள் முழுக்க ஹம்மைப் புகழ்ந்துகொண்டு கிடப்பார். இனி என்னால கேக்க ஏலாது.”

மஞ்சுளா எழும்பி இரண்டு பானையையும் மூடினாள். பிறகு, “சரி, இஞ்சையே இருக்கட்டும். என்ர குறையைக் கேட்டு எனக்குப் பழகிட்டுது” என்றாள்.

இரண்டு சொதியையும்தான் படைத்தோம். இரண்டுமே திரைந்து போயிருந்தன.

அடக்கம் நடந்த நாள் ஹம் மயானத்தில் மழை. குறித்த நிமிடத்துக்குப் பணியாளர் வந்தார், குறித்த நிமிடத்துக்குக் குழியை மூடினார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். குடைக்குள் நின்ற மஞ்சுளா அந்த மனிதரின் முதுகைப் பார்த்து, “லண்டனில எண்டால் ஒரு சொறியாவது சொல்லியிருப்பாங்கள்” என்றாள். அருகில் நின்ற எங்களில் சிலர் திடுக்கிட்டோம். அவளும் திடுக்கிட்டாள் என்றே நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்தக் கல்வெட்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்டார்கள். முதல் பக்கத்தில் வழமையான அந்த வரி வர வேண்டும். அதற்கு மட்டும் நான் ஒரு கிழமை எடுத்தேன். இங்கே என்று எழுதினால் அவர் சிரிப்பார். அங்கே என்று எழுதினாலும் சிரிப்பார். கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘யாழ். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும், ஹம்மில் இருக்கும்போது லண்டனையும் லண்டனில் இருக்கும்போது ஹம்மையும் வதிவிடமாகவும் கொண்ட.’ அச்சகத்துப் பெடியன் தொலைபேசி எடுத்து, “அண்ணை, இதில ஏதோ பிழைச்சுப்போச்சு” என்றான். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது, அப்படியே போடுங்கோ என்றேன்.

சாந்தியக்காவை வழியனுப்ப ஹம் நிலையத்துக்குப் போனேன். ரயில் பிந்தும் என்று அறிவித்தார்கள். மேடையில் பெட்டியின் மேல் இருந்துகொண்டு, “தம்பி, உங்களைப் பற்றி அண்ணை அங்க என்ன சொல்லுறவர் தெரியுமோ?” என்று கேட்டார். நான் எப்போதும் அவரோடுதானே இருந்தேன், எப்போது சொன்னார் என்று கேட்டேன். “நீங்கள் வானை நிப்பாட்டப் போற நேரம் பாத்துத்தான்” என்றார். ஈஸ்ற்ஹாம் முழுக்கத் தேடினாலும் எங்கட கடை போல ஒரு கடை இல்லையாம். அப்படியொரு முருங்கைக்காய் லண்டனில் கண்ணால் காணவும் கிடைக்காதாம். என்னோடு வானில் வராவிட்டால் அவருக்கு அந்தப் பயணமே வேண்டாமாம்.

யோகண்ணை, அந்த ஒரு சொல்லை என் கடையில் வைத்து ஒருதரம் சொன்னால் என்ன குறைந்து போயிருப்பீர்கள்? கோபம் வருகிறது. கோபப்பட நீங்கள் இல்லை என்பது அதைவிடப் பெரிய கோபம்.

சனிக்கிழமைகளில் அந்தக் கதிரையில் வேறு யாராவது இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தப் புகழ்ச்சியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது லண்டனில் சொன்னது, அங்கேயே இருக்கட்டும். நான் வைத்திருப்பது ஹம்மில் சொன்னதை. முருங்கைக்காய்ப் பெட்டி வந்து இறங்கும்போதெல்லாம் ஒரு காயை எடுத்து வளைத்துப் பார்க்கிறேன். உது காயோ விறகோ என்று எனக்குள்ளே கேட்டுக்கொள்கிறேன். பிறகுதான் அதைத் தட்டில் அடுக்குகிறேன்.